எறிந்த சாப்பாவும் எழுதிய பெயரும்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் சரித்திரக் கட்டுரை ஒன்று இடம்பெறுவது வழக்கம். சேரர் துறைமுகமாம் முசிறியைப் பற்றியோ, கடல் கடந்து வாணிகம் செய்த நம் முன்னோரைப் பற்றியோ எழுதுவதே மரபு. இவ்வாண்டு நாம் அத்துணைத் தொலைவு செல்ல விரும்பவில்லை. நாம் குடியிருக்கும் இம்மட்டாஞ்சேரியிலேயே, நம் பிள்ளைகள் நாள்தோறும் நடந்து செல்லும் வீதிகளுக்கு அருகிலேயே, நாம் அறிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் ஒன்று நிகழ்ந்திருக்கின்றது. அது கோவிலகத்தாருடைய சரித்திரம் அன்று. முதுகில் மூட்டை சுமந்தவருடைய சரித்திரம்.

நம்மில் பெரும்பாலோர் பிழைப்பு நாடி இவ்வூருக்கு வந்தவர்கள். அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். துணி வெளுத்தவரும், கடை வைத்தவரும், கணக்கெழுதியவரும், சுமை தூக்கியவரும் நம் குடும்பங்களில் உளர். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு நிலமில்லை, உறவில்லை, அவனுக்குள்ள ஒரே பற்றுக்கோடு அவனுடைய வேலை. அந்த வேலையைத் தருவதும் தடுப்பதும் வேறொருவன் கையில் இருக்குமானால், அவனுடைய அடுப்பும், பிள்ளையின் படிப்பும், ஏன், தலைநிமிர்ந்து நடக்கும் நடையுங்கூட, அந்த ஒருவன் கைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே மேலதிகாரம் எவ்வாறு கொடுமையாகின்றது, அது எவ்வாறு தணிக்கப்படுகின்றது என்னும் கேள்வி, நம்மைப்போன்ற குடும்பங்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

துறைமுகம் பெருகிய கதை

கொச்சி பழைய துறைமுகந்தான். ஆயினும் முன்னாளில் பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலாமல், வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. முகத்துவாரத்தின் குறுக்கே கிடந்த மணல் திட்டு வழி மறித்தது. மிளகும் சுக்கும் கயிறும் தேங்காயெண்ணெயும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளிலிருந்து வள்ளங்களில் ஏறி, கப்பலைத் தேடிச் சென்றன.

1920ஆம் ஆண்டில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியியல் வல்லுநர் கொச்சிக்கு வந்தார். அவருடைய திட்டப்படி மணல் திட்டு வெட்டப்பட்டது. 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினர். அதுவே வில்லிங்டன் தீவு. 1936ஆம் ஆண்டில் கொச்சி பெருந்துறைமுகம் என்னும் தகுதி பெற்றது.

இவை யாவும் பள்ளிப் புத்தகங்களில் உள்ள செய்திகள். ஆனால், கப்பல் உள்ளே வந்துவிட்டால் மட்டும் சரக்கு தானே கரையேறுமா? இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆள்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், எம்முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்வதில்லை. நாம் சொல்லப் புகுவது அதனையே.

சாப்பா என்னும் வில்லை

துறைமுக வேலை நாள்தோறும் ஒரே அளவாய் இருப்பதன்று. ஒருநாள் மூன்று கப்பல் நிற்கும். மறுநாள் ஒன்றும் இராது. ஆகவே கப்பல் கம்பெனிகள் நேராகத் தொழிலாளரை வைத்துக்கொள்ளவில்லை. சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை 'ஸ்டீவடோர்' எனப்படும் ஒப்பந்தக்காரரிடம் விட்டன. ஒப்பந்தக்காரர் ஆள் பிடிக்கும் பொறுப்பை 'மூப்பன்' என்பவனிடம் விட்டார். மூப்பன் என்னும் சொல் மூத்தவன் என்னும் பொருளது. குடும்பத்துக்கு மூத்தவனைப்போல் தொழிலாளரைக் காக்க வேண்டியவன் என்று அச்சொல் நமக்கு நினைவூட்டுகின்றது. நடந்ததோ வேறு.

மூப்பன் கையில் உலோக வில்லைகள் இருக்கும். அவற்றுக்குச் 'சாப்பா' என்று பெயர். முத்திரை என்பது அச்சொல்லின் பொருள். எவன் கையில் சாப்பா இருக்கின்றதோ அவனுக்கே அன்று வேலை. மற்றவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். விடியற்காலையில் தொழிலாளர் கூட்டமாய்க் கூடி நிற்பர். மூப்பன் சாப்பாக்களை அக்கூட்டத்தின் நடுவே அள்ளி வீசுவான். அவற்றைப் பொறுக்குவதற்கு மனிதர் மேல் மனிதர் விழுவர். வலியவன் எளியவனை மிதிப்பான். நேற்று ஒரே பலகையில் அருகருகே நடந்து மூட்டை சுமந்தவர்கள் இன்று ஒரு வில்லைக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்வர்.

அன்பர்களே, இக்காட்சியைச் சற்றே மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். கோழிக்குத் தானியம் எறிவது போல மனிதனுக்கு வேலையை எறிந்தார்கள்!

இம்முறையால் ஒப்பந்தக்காரருக்கு விளைந்த நன்மைகள் பல. வேலையைவிட ஆள் மிகுதியாய் நிற்கும்வரை கூலி உயராது. இருநூறு பேருக்கு வேலையிருக்கும் நாளில் ஐந்நூறு பேர் நின்றால், மீதி முந்நூறு பேருடைய பசியே வேலை செய்யும் இருநூறு பேரையும் அடக்கி வைக்கும் சாட்டை. யாரும் நிலையான வேலைக்காரர் அல்லர் ஆதலால், காயம் பட்டவனுக்கோ நோயுற்றவனுக்கோ எவரும் பொறுப்பில்லை. கணக்குப் புத்தகத்தில் அவன் பெயரே இல்லை. வில்லையின் எண் மட்டுமே உண்டு.

மூப்பனுக்கு விளைந்ததோ அளவற்ற ஆட்சி. வீசுவது ஒரு முறை; மறைவாகக் கையில் கொடுப்பது இன்னொரு முறை. தனக்குக் காணிக்கை தருபவனுக்கும், வீட்டு வேலை செய்பவனுக்கும், எதிர்த்துப் பேசாதவனுக்கும் சாப்பாவைக் கையில் வைப்பது எளிது. சங்கத்தில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டவனுக்கு வில்லையே காட்டாமல் நாட்கணக்கில் பட்டினி போடுவதும் எளிது. இதற்கெல்லாம் அவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'இன்று வேலை இல்லை' என்னும் மூன்று சொற்கள் போதும். மேல்முறையீடு செய்ய இடமில்லை. ஏனெனில் ஒருவனை வேலையிலிருந்து நீக்கியதாகவே எங்கும் பதிவு இல்லை. அமர்த்தப்படாதவனை நீக்கியதாக எவ்வாறு வழக்கிடுவது?

நுட்பமாக நோக்கின், இம்முறையின் கொடுமை அடியிலோ வசவிலோ இல்லை. அடியும் வசவும் அதன் விளைவுகள். ஒருவன் காரணம் கூறாமலே இன்னொருவனுடைய பிழைப்பைக் கொடுக்கவும் மறுக்கவும் கூடும் என்ற நிலையே அதன் வேர். நல்ல மூப்பர்களும் இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு முறை நல்லதா தீயதா என்பதை, அதனைக் கையாளும் நல்லவனைக் கொண்டு அளத்தல் கூடாது. தீயவன் கையில் அது என்னாகும் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

1953 செப்டம்பர் 15

துறைமுகத் தொழிலாளர் சும்மா இருந்துவிடவில்லை. 1940களில் அவர்களிடையே சங்கங்கள் எழுந்தன. கொச்சித் துறைமுகத் தொழிலாளி யூனியன் அவற்றுள் முன்னின்றது. சாப்பா முறை ஒழிய வேண்டும், வேலை முறைப்படி பங்கிடப்பட வேண்டும் என்பது தொழிலாளர் கோரிக்கை. அந்நாளில் இந்நாடு திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யமாக இருந்தது, ஏ. ஜே. ஜான் முதலமைச்சர்.

1953ஆம் ஆண்டில் போராட்டம் முற்றியது. வேலைநிறுத்தம் நீண்டது. அன்றாடக் கூலியை அன்றே அரிசியாக்கி உண்ணும் குடும்பங்களில் நீண்ட வேலைநிறுத்தம் என்றால் என்ன பொருள் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் திரண்டிருந்த தொழிலாளர்மீது போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். சைது, சைதலவி, ஆன்றணி என்னும் மூன்று தொழிலாளர் அப்போராட்டத்தில் உயிர் நீத்தனர்.

மூவருடைய பெயர்களையும் மீண்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். துறைமுகத்தின் கணக்கில் வெறும் வில்லையெண்ணாய் இருந்தவர்கள், உயிர் கொடுத்த பின்னரே ஊரார் நினைவில் பெயராயினர். இன்றும் செப்டம்பர் 15 வரும்போது மட்டாஞ்சேரியில் அவர்களை நினைவு கூர்கின்றனர். கே. எம். சிதம்பரன் இவ்வரலாற்றைத் 'துறமுகம்' என்னும் மலையாள நாடகமாக்கினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் அதனைத் திரைக்கதையாக்க, ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023ஆம் ஆண்டில் அதே பெயரில் திரைப்படமும் வெளிவந்தது. நம் இளைஞர் பலர் அதன் வாயிலாகவே சாப்பா என்னும் சொல்லை முதன்முதல் கேட்டனர்.

கொச்சி மட்டுமா?

இக்கொடுமை கொச்சிக்கே உரியதென்று எண்ணுதல் தவறு. உலகின் பெருந்துறைமுகங்கள் பலவற்றில் இதே கதை நடந்திருக்கின்றது. இலண்டன் மாநகரின் கப்பல் துறைகளில், காலையில் வாயிற்கதவின் முன் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நிற்க, மேற்பார்வையாளன் விரல் நீட்டிச் சிலரை மட்டும் அழைப்பான். 1889ஆம் ஆண்டில் அத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி வேண்டும் என்பது அவர்களுடைய புகழ்பெற்ற கோரிக்கை. அதனோடு இன்னொன்றும் கேட்டனர்: ஒருவனை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கேனும் வேலை தர வேண்டும். கடல் கடந்து ஆஸ்திரேலியத் தொழிலாளர் அனுப்பிய பொருளுதவி அவர்களைத் தாங்கியது, அவர்கள் வென்றனர். ஆயினும் வாயிற்கதவு நெருக்கடி ஒழிந்து, தொழிலாளர் பதிவேடு அந்நாட்டுத் துறைமுகங்களில் பரவலாக நிலைபெற 1947ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்திலும் இதே வழக்கம். தொழிலாளர் அரைவட்டமாய் நிற்க, ஆள் எடுப்பவன் தன் விருப்பம்போல் பொறுக்குவான். கூலியில் ஒரு பங்கை அவனுக்குத் திருப்பித் தருவதாக உடன்பட்டவனுக்கே இடம். வியக்கத்தக்க ஒற்றுமை யாதெனில், அங்கு அம்முறைக்குச் சட்டத்தால் முடிவு கட்டியதும் 1953ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் அது ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஆன் தி வாட்டர்பிரண்ட்' என்னும் அமெரிக்கப் படத்தில், ஆள் எடுப்பவன் வில்லைகளைத் தரையில் வீச, தொழிலாளர் அவற்றுக்காகப் புரளும் காட்சி ஒன்று உண்டு. மட்டாஞ்சேரிக்காரர் யாரேனும் அதனைக் கண்டிருந்தால், இது நம் ஊர்க் கதையன்றோ என்று திகைத்திருப்பர்.

நம்மவர் கண்ட துண்டு

இனி நம்மவர் கதைக்கு வருவோம். சாப்பா மலையாள நாட்டுத் துறைமுகத்தில் வழங்கிய சொல். தமிழர் குடியேறிய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு உறவான இன்னொரு சொல் வழங்கியது. 'துண்டு' என்பது அது. சாப்பா உலோகம், துண்டு காகிதம். செய்த வேலையோ ஒன்றே.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவன் கங்காணி. 'கண்காணி' என்னும் நல்ல தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது. ஊரில் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற கங்காணி, அக்கடனைத் தொழிலாளி தலையில் எழுதுவான். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்ப்பதில்லை. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக்காசும் உண்டு. ஆகவே மக்களைப் பிடித்து வைத்திருப்பதே அவனுக்கு வருமானம். 1921ஆம் ஆண்டில் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தமிழகத்து ஆலைகளில் கங்காணியின் இடத்தில் மேஸ்திரி இருந்தான். போர்ச்சுக்கீசியர் தந்த சொல் அது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பின்னி ஆலைத் தொழிலாளரை அங்குக் கொண்டுவந்து சேர்த்தவை கூலிக் குறைவு மட்டுமல்ல. உண்பதற்குக் கிடைத்த இடைவேளை போதாமையும், மேலிருப்போர் நடத்திய இழிவுமே அவர்கள் நெஞ்சைச் சுட்டன. பி. பி. வாடியாவும் திரு. வி. க. அவர்களும் அச்சங்கத்துக்குத் தோள் கொடுத்த வரலாறு தமிழர் யாவரும் அறிந்தது. 1929ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு 1931ஆம் ஆண்டில் அறிக்கை தந்த அரசாங்கத் தொழிலாளர் கமிஷனும், ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரி போன்றோர் கையில் இருப்பதாலேயே இலஞ்சம் பெருகுகின்றது என்று கண்டு, அவ்வதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டுமென்று சொல்லியது.

மூப்பன், கங்காணி, மேஸ்திரி என மூன்று பெயர்கள், மூன்று ஊர்கள். மூவரும் முதலாளிகள் அல்லர் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். தொழிலாளரிடமிருந்து எழுந்து, தொழிலாளருக்கு மேல் நின்றவர்கள் அவர்கள். மேலிருப்பவரின் கை அழுக்காகாமல் இருப்பதற்காக நடுவில் வைக்கப்பட்ட கைகள். தன்னைப்போன்றவனைத் தானே மிதிக்கும் இழிநிலைக்கு அவர்களும் ஒருவகையில் பலியானவர்களே.

ஏட்டில் எழுதிய பெயர்

இந்நோய்க்கு மருந்து அறியப்படாததா? அன்று. 1948ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் கப்பல்துறைத் தொழிலாளர் வேலைமுறைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. தொழிலாளர் பெயர்களை ஏட்டில் பதிவு செய்க. வேலையைச் சுற்றுமுறைப்படி பங்கிடுக. அரசாங்கம், தொழில் நடத்துவோர், தொழிலாளர் ஆகிய முத்தரப்பாரும் அமர்ந்த வாரியம் இதனை நடத்துக என்பது அதன் சாரம். ஆனால் சட்டம் நூலில் இருந்தது. சாப்பா துறையில் இருந்தது. மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்தபோது அச்சட்டத்துக்கு வயது ஐந்து.

கொச்சிக்குரிய திட்டமும், கொச்சிக் கப்பல்துறைத் தொழிலாளர் வாரியமும் 1959ஆம் ஆண்டில்தான் வந்தன. சட்டம் பிறந்து பதினோர் ஆண்டுகள்; மூவர் மறைந்து ஆறு ஆண்டுகள். காலந்தாழ்ந்து வந்தாலும், வந்தபின் நிலைமை அடியோடு மாறியது. தொழிலாளியின் பெயர் ஏட்டில் ஏறியது. இன்று யாருடைய முறை, நாளை யாருடைய முறை என்பதை ஏடு சொல்லியது. மூப்பனுடைய முகக்குறிப்பு சொல்லவில்லை. வேலைக்கு ஆஜராகியும் கப்பல் இல்லையெனில் வருகைப்படி என ஒரு தொகை கிடைத்தது. ஒருவனை நீக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். அவன் மறுமொழி சொல்ல இடமுண்டு.

எவ்வளவு சிறிய மாற்றம், பாருங்கள்! ஒரு வில்லையின் இடத்தில் ஓர் ஏடு. ஆனால் அந்த ஏட்டினால் ஒரு மனிதன் விடியற்காலையில் தன் தோழனை மிதிக்காமலே துறைக்குச் செல்லக் கூடியவன் ஆனான். மாலையில் மக்கள் முன் தலைநிமிர்ந்து வரக் கூடியவன் ஆனான்.

பிற்காலத்தில் அவ்வேடுகளும் மாறின. 1997ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வாரியப் பணிகளைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழி செய்தது. 2011ஆம் ஆண்டில் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. நூறு தோள்கள் சுமந்ததை இன்று ஓர் இயந்திரம் தூக்கி வைக்கின்றது. சாப்பா வீசிய இடங்களில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கின்றனர்.

கை மாறினால் போதுமா?

இவ்விடத்தில் நாம் நடுவுநிலை தவறாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பா மூப்பன் கையிலிருந்து வேறு கைக்கு மாறினால் மட்டும் நீதி பிறந்துவிடாது. தொழிலாளர் தலைவன் கையில் அது வந்தாலும், ஏடும் முறையும் இல்லையெனில், அவனும் நாளடைவில் மூப்பனே ஆவான். கேரளத்தில் சுமை தூக்காமலே, பிறர் தூக்குவதைப் பார்த்துக் கூலி கேட்கும் 'நோக்குகூலி' என்னும் வழக்கம் வளர்ந்ததை நாம் கண்டோம். அதனை ஒழிப்பதாக அரசாங்கம் 2018ஆம் ஆண்டு மே முதல் நாளில் அறிவிக்க வேண்டியதாயிற்று. உரிமைக்காக எழுந்த கையே அச்சுறுத்தும் கையாகும் என்பதற்கு அது ஒரு சான்று.

மூணாற்றில் 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்ததும் நம் சிந்தனைக்குரியது. அங்குத் தேயிலை பறிப்போர் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்வோர். முந்தைய ஆண்டில் 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அப்பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தனர். நிர்வாகத்தின்மீது மட்டுமன்றித் தம் சங்கத் தலைவர்கள்மீதும் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. எங்கள் பெயரால் நீங்கள் பேச வேண்டா என்று தலைவர்களை விலக்கி நிறுத்தித் தாமே பேசினர். 'பெம்பிளை ஒருமை' என்று அவர்கள் அமைப்புக்குப் பெயர். ஒன்பது நாள் போராட்டத்தின் பின், போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் தருவதற்கு உடன்பாடு ஏற்பட்டது. கூலி உயர்வு முதலிய மற்றக் குறைகள் யாவும் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஆயினும், தம் வேலையைப் பற்றிய கணக்கைத் தாமே கேட்கும் உரிமை தமக்குண்டு என்பதை அப்பெண்கள் நிலைநாட்டினர்.

நம் வீட்டுச் சாப்பாக்கள்

இன்று யாரும் உலோக வில்லையை வீசுவதில்லை. ஆனால் சாப்பா முற்றும் மறைந்துவிட்டதா? நம் குடியிருப்பில் மாலை நேரங்களில் பேசும் பேச்சைக் கேட்டால் அவ்வாறு தோன்றவில்லை. இன்னாருக்கு விடுப்பு உடனே கிடைக்கின்றது. இன்னாருக்குத் தாயின் நோய்க்குக்கூடக் கிடைப்பதில்லை. இன்னாருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகின்றது. கேள்வி கேட்டவருடையது புதுப்பிக்கப்படவில்லை. வேலை நேரம் முடிந்தபின் இருக்கச் சொல்வது வாய்ச்சொல்லால். கூலி கேட்கும்போது எழுத்தில் எங்கே என்ற கேள்வி. பிறர் செய்த வேலையைத் தன் பெயரால் மேலிடத்துக்கு அனுப்பும் மானேஜர் உளர். ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் கோள் சொல்லி, இருவரும் தம்மையே அண்டியிருக்கச் செய்பவரும் உளர். பெண்களாயின் சொல்லவே கூசும் துன்பங்களும் உண்டு. வேலையிடத்தில் பெண்களைக் காக்க 2013ஆம் ஆண்டில் இந்தியாவில் தனிச் சட்டம் வந்தது. வேலையுலகில் வன்முறையையும் தொல்லையையும் ஒழிக்கச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை வகுத்தது. சட்டம் தேவைப்பட்டதென்றால் நோய் இருந்ததென்றுதானே பொருள்?

இவற்றில் எல்லாம் வேர் பழைய வேர்தான்: காரணம் சொல்லத் தேவையில்லாத அதிகாரம். ஆகவே மருந்தும் பழைய மருந்துதான்: எழுத்தும் முறையும். வாய்மொழிக் கட்டளையை எழுத்தில் தருமாறு பணிவோடு கேளுங்கள். வந்த நேரம், சென்ற நேரம், பெற்ற தொகை இவற்றைக் குறித்து வையுங்கள். தனியே துன்புறுபவரைத் தனியே விடாதீர்கள். சாப்பா முறை நெடுநாள் நின்றதற்குக் காரணம் மூப்பனுடைய வலிமை மட்டுமன்று. வில்லைக்காக ஒருவரையொருவர் மிதிக்க நாம் உடன்பட்டதும் ஒரு காரணம். நம் சங்கத்திலேயே சட்டம் அறிந்தோர் உளர். கணக்கு அறிந்தோர் உளர். புதிதாய் ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு வேலைக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்லுதலும் தமிழ்த் தொண்டே ஆகும்.

இன்னொன்று. நம் பிள்ளைகளில் பலர் இன்று படித்து முன்னேறி, தாமே மானேஜர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் விளங்குகின்றனர். நாம் பெருமைப்படுகின்றோம். அவர்களை நோக்கியே இக்கட்டுரையின் கடைசிச் சொல்லைச் சொல்ல விரும்புகின்றோம். வள்ளுவப் பெருந்தகை செங்கோன்மை என்னும் அதிகாரத்தை அடுத்தே கொடுங்கோன்மையை வைத்தார். அதனை அடுத்து, பிறர் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமையை வைத்தார். நேரிய கோலுக்கும் கொடிய கோலுக்கும் இடைவெளி மிகச் சிறிது என்பதை அவ்வைப்பு முறையே நமக்குக் காட்டுவதாக நாம் கொள்கின்றோம். கோல் அரசன் கையில் மட்டும் இருப்பதன்று. பத்துப் பேருக்கு வேலை பங்கிடும் சிறிய மேசையிலும் அது கிடக்கின்றது.

அம்மேசையில் நீங்கள் அமரும் நாளில், உங்கள் பாட்டனார் எந்த வரிசையில் நின்றார் என்பதை மறவாதீர்கள். எதிரில் நிற்பவருடைய பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதுங்கள். மறுக்க வேண்டியதாயின் காரணத்தைச் சொல்லி மறுங்கள். கொடுக்க வேண்டியதைக் கையில் கொடுங்கள், எறியாதீர்கள். சைதும் சைதலவியும் ஆன்றணியும் நம் மொழியினர் அல்லாமற் போகலாம். ஆயினும் இவ்வூரில் உழைத்து உண்ணும் ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றது. அக்கடனை நாம் தீர்க்கக்கூடிய வழி இது ஒன்றே.